ஜோங்குவோ, ஜூஷி, ரென்மின்: சீன அரசியல் சொற்களுக்குள் இருப்பது என்ன?

கேள்வி இது: "சீனர்கள் தங்கள் நாட்டைச் 'சீனா' என்றே சொல்வதில்லையாமே? 'உலகத்தின் நடுவில் உள்ள நாடு' என்று சொல்கிறார்களாமே, அது ஆணவம் இல்லையா? ஒரே ஆளைச் செய்தியில் ஒரு நாள் அதிபர் என்கிறார்கள், மறுநாள் பொதுச்செயலாளர் என்கிறார்கள். எது சரி? அப்புறம், ஹான் என்றால் சீனர் என்று பொருளா?"

மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். மூன்றிலும் சிக்கல் ஒன்றுதான். சீன அரசியல் சொற்கள் நமக்கு நேராக வந்து சேர்வதில்லை. ஆங்கிலத்தில் யாரோ மொழிபெயர்த்ததை நாம் இன்னொரு முறை மொழிபெயர்க்கிறோம். இரண்டு முறை வடிகட்டியபின் சொல்லின் சாரம் போய்ச் சக்கைதான் மிஞ்சுகிறது. பல வருடங்களாகச் சீனம் படித்து, மொழிபெயர்ப்பு வேலையும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: அந்தச் சொற்களை அவர்கள் எழுதும் விதத்திலேயே பிரித்துப் பார்த்தால், பாதி வரலாறு அதிலேயே இருக்கிறது. ஒரு சின்னக் குறிப்பு. சீன ஒலிகளைத் தமிழில் எழுதுவது ஏறத்தாழத்தான் முடியும். சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு தொனிகளும் நம் எழுத்தில் வராது.

முதலில் நாட்டின் பெயர். ஜோங்குவோ. ஜோங் என்றால் நடு, குவோ என்றால் நாடு. இந்தச் சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடம் ஒரு வெண்கலப் பாத்திரம். ஷான்ஷி மாகாணத்தில் பாவ்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1963இல் அது மண்ணிலிருந்து கிடைத்தது. ஏறத்தாழ 39 செ.மீ. உயரம். கொஞ்ச நாளில் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1965இல் அருங்காட்சியக ஊழியர் ஒருவர் கண்ணில் பட்டதால் 30 யுவான் கொடுத்து மீட்டார்கள். இல்லையென்றால் உருக்கியிருப்பார்கள். அதற்கும் பத்து வருடம் கழித்து, ஒரு கண்காட்சிக்காகத் துரு நீக்கித் துடைத்தபோதுதான் உள்ளே அடிப்பாகத்தில் எழுத்துகள் இருப்பது தெரிந்தது. மொத்தம் 122 எழுத்துகள். ஜோவ் வம்சத்தின் தொடக்க காலம், அதாவது கி.மு. 11ஆம் நூற்றாண்டு. ஷாங் அரசை வென்ற மன்னர், இந்த ஜோங்குவோவில் குடியிருந்து இங்கிருந்தே மக்களை ஆள்வேன் என்று வானத்திடம் அறிவித்ததாக அதில் பொறித்திருக்கிறது.

அங்கே ஜோங்குவோ என்றால் இன்றைய சீனா என்று பொருள் இல்லை. இன்றைய லுவோயாங் நகரத்தைச் சுற்றியுள்ள நிலம், அவ்வளவுதான். ராஜ்யத்தின் நடுப்பகுதி, தலைநகர் வட்டாரம். பிற்பாடு, ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த பல சிற்றரசுகள் மஞ்சள் ஆற்றுச் சமவெளியில் இருந்த காலத்தில், அதே சொல் பன்மையாகவும் வழங்கியது: 'நடுவில் இருக்கும் நாடுகள்'. சீனத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் சொல் மாறாது.

குவோ என்ற எழுத்தையே கொஞ்சம் பாருங்கள். எனக்குச் சீனம் கற்பித்த ஆசிரியை இந்த எழுத்துக்கு மட்டும் ஒரு வகுப்பு முழுக்க எடுத்துக்கொண்டார். பழைய முறையில் எழுதினால் உள்ளே ஒரு ஈட்டிக்கோடரி, அதன் கீழே வாய் போல ஒரு சின்னக் கட்டம், அடியில் தரைபோல ஒரு கோடு. இவற்றைச் சுற்றி நாலு பக்கமும் மதில். ஆயுதம் ஏந்திக் காவல் காக்கும், மதில் சூழ்ந்த ஊர். பாவ்ஜி பாத்திரத்தில் அந்த வெளிமதில் இல்லை, ஆயுதமும் உள்கட்டமும்தான். மதில் பின்னால் வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பேரரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் கிளர்ச்சிக்காரர்கள் தங்கள் அரசின் பெயரை எழுதும்போது மதிலுக்குள் 'அரசன்' என்ற எழுத்தை வைத்தார்கள். 1956இல் மக்கள் குடியரசு, அதாவது 1949இல் அமைந்த கம்யூனிஸ்ட் அரசு, எழுத்துகளை எளிமையாக்கியபோது, மதிலுக்குள் அரசனை வைக்க முடியாதே! 'அரசன்' எழுத்தோடு ஒரே ஒரு புள்ளி கூட்டினால் 'பச்சைமணிக்கல்' ஆகிவிடும். அதை வைத்தார்கள். இன்று மக்கள் குடியரசில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எழுதுவது இதைத்தான். தைவானில் இன்றும் ஆயுதம் உள்ளே இருக்கும் பழைய எழுத்துதான்.

சரி, இந்த ஜோங்குவோ எப்போது முழு நாட்டுக்கும் பெயரானது? ஆச்சரியமாக இருக்கும், ஆயிரக்கணக்கான வருடங்களாக அரசாங்கப் பெயர் அது இல்லை. ஆளும் வம்சத்தின் பெயர்தான் நாட்டின் பெயர். மாபெரும் தாங், மாபெரும் மிங், மாபெரும் சிங். இலங்கையில் காலி நகரத்தில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கடற்படைத் தலைவர் ஜெங் ஹே காலத்தது, 1409 என்று தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது. அதன் சீனப் பகுதியில் காணிக்கை கொடுப்பவர் 'மாபெரும் மிங்கின் பேரரசர்'. நாட்டுக்கு வம்சப் பெயரைத் தவிர வேறு பெயர் தேவைப்படவில்லை. வெளிநாட்டோடு சமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டி வந்தபோதுதான் தேவைப்பட்டது. 1689இல் ரஷ்யாவோடு நெர்ச்சின்ஸ்க் ஒப்பந்தம். அதன் மஞ்சு மொழிப் பிரதியில் 'துலிம்பாய் குருன்' என்று எழுதினார்கள். ஜோங்குவோவின் நேர் மொழிபெயர்ப்பு, 'நடு நாடு'. அப்போது ஆட்சி செய்த சிங் வம்சத்தார் மஞ்சுக்கள், ஹான் சீனர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள்தான் அந்தச் சொல்லை எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் எல்லா நிலத்துக்கும் நீட்டியவர்கள்.

ஆகவே 'நடு நாடு' என்ற பெயரைக் காட்டி ஆணவம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. இன்று ஒரு சீனர் ஜோங்குவோ என்று சொல்லும்போது அவர் மனதில் நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. மதுரை என்று சொல்லும்போது நாம் அதன் சொற்பொருளையா நினைக்கிறோம்? ஆனால் ஆணவம் இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அது வேறு சொற்களில் இருந்தது. நடுவில் நாகரிகம் உள்ள ஹுவா மக்கள், நாலு திசையிலும் அநாகரிகர்கள். கிழக்கே யீ, மேற்கே ரோங், தெற்கே மான், வடக்கே தீ. இதில் மான் என்பதை எழுதும்போது உள்ளே 'புழு' குறி இருக்கும். தீ என்பதில் 'நாய்' குறி இருக்கும். யீ என்ற சொல்லை ஐரோப்பியர்களுக்கும் வைத்தார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது அவ்வளவு உறுத்தியது. இரண்டாம் அபினிப் போருக்கு நடுவே 1858இல் போட்ட தியென்ஜின் ஒப்பந்தத்தில், பிரிட்டிஷ் அரசையோ குடிமக்களையோ குறிக்க இந்த எழுத்தை அரசாங்க ஆவணங்களில் எழுதக் கூடாது என்று தனி விதியே சேர்த்தார்கள். 51ஆம் விதி. ஒரே ஒரு எழுத்தைத் தடை செய்ய சர்வதேச ஒப்பந்தத்தில் ஒரு விதி!

நாட்டின் இன்றைய முழுப்பெயர் ஜோங்ஹுவா ரென்மின் கோங்ஹேகுவோ, சீன மக்கள் குடியரசு. இதில் கோங்ஹேகுவோ என்பதைத்தான் குடியரசு என்கிறோம். இந்தச் சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கி.மு. 841இல் ஜோவ் மன்னர் லீயை மக்கள் கிளர்ந்தெழுந்து விரட்டிவிட்டார்கள். அரியணை காலி. அடுத்த பதினான்கு வருட ஆட்சிக்குக் கோங்ஹே என்று பெயர். அமைச்சர்கள் இருவர் சேர்ந்து இணக்கமாக ஆண்டதால் இந்தப் பெயர் என்று வரலாற்றாசிரியர் ஸீமா சியென் எழுதினார். கோங் என்றால் சேர்ந்து, ஹே என்றால் இணக்கம். வேறொரு பழைய நூலோ, கோங் என்ற ஊரின் பிரபு ஹே என்பவர் ஆண்டார், அவர் பெயர்தான் அது என்கிறது. எப்படியிருந்தாலும், சீன வரலாற்றில் வருடம் வருடமாக உறுதியாகக் கணக்கிட முடிவது இந்த 841லிருந்துதான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியரசுகளுக்குச் சொல் தேடிய ஜப்பானிய அறிஞர்கள், 'மன்னர் இல்லாமல் நடந்த ஆட்சி' என்று இந்தப் பழைய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பச் சீனாவுக்கே வந்து சேர்ந்தது. சமூகத்துக்கு ஷெஹுய், பொருளாதாரத்துக்கு ஜிங்ஜி, கட்சி ஊழியருக்குக் கான்பு என்று இப்படி ஜப்பான் போய் வந்த சொற்கள் ஏராளம். இவற்றை எடுத்துவிட்டால் இன்றைய சீன நாளிதழில் ஒரு தலையங்கம்கூட எழுத முடியாது.

புரட்சி என்ற சொல்லும் இப்படித்தான், கெமிங். இதைப் புரிந்துகொள்ள 'தியென்' என்ற சொல் வேண்டும். தியென் என்றால் வானம், விதியையும் அறத்தையும் காக்கும் வானம். அரசர் 'தியென்ஸி', வானத்தின் மகன். அவர் ஆள்வது 'தியென்ஷியா', வானத்தின் கீழ் உள்ளது எல்லாம். ஆள்வதற்கு வானம் கொடுத்த ஆணை 'தியென்மிங்'. கொடுங்கோல் ஆட்சி நடந்தால், வெள்ளமும் பஞ்சமும் வந்தால், வானம் ஆணையைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்த 'மிங்'கை உரித்து எடுப்பதுதான் கெமிங். கெ என்றால் தோலை உரித்துப் பதப்படுத்துவது. மூவாயிரம் வருடங்களாக வம்சம் மாறியதை விளக்கிய சொல்லை, அரச முறையே வேண்டாம் என்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1911 புரட்சி ஷின்ஹாய் கெமிங். ஷின்ஹாய் என்பது அறுபது வருடச் சுழற்சியில் அந்த வருடத்தின் பெயர். நமக்குப் பிரபவ, விபவ என்று அறுபது இருப்பதுபோல அவர்களுக்கும் அறுபது உண்டு. 1966இல் மாவோ தொடங்கியதும் கெமிங்தான், 'வென்ஹுவா தா கெமிங்', பண்பாட்டுப் பெரும்புரட்சி.

பேரரசர் என்ற பட்டம் பிறந்த நாளும் தெரிந்ததுதான். கி.மு. 221இல் போட்டியிட்ட மற்ற ஆறு நாடுகளையும் வென்ற சின் நாட்டு மன்னர், 'வாங்' என்ற பழைய பட்டம் தனக்குப் போதாது என்றார். புராணகால வேந்தர்களின் பட்டங்களான ஹுவாங், தி இரண்டையும் ஒட்டி ஹுவாங்தி ஆனார். தன்னை முதலாமவர் என்று சொல்லிக்கொண்டு, பின்னால் வருபவர்கள் இரண்டு, மூன்று என்று பத்தாயிரம் தலைமுறை வரை எண்ணிக்கொள்ளட்டும் என்றார். வம்சம் பதினைந்து வருடத்தில் முடிந்தது. பட்டம் மட்டும் 1912 பிப்ரவரி 12 வரை, கடைசிப் பேரரசரான சிறுவன் பூயீ துறக்கும்வரை, நின்றது. 'நான்' என்பதற்கு ஜென் என்ற சொல்லையும் அந்த முதல் பேரரசர் தனக்கே ஒதுக்கிக்கொண்டார். அதுவரை யார் வேண்டுமானாலும் தன்னை ஜென் என்று சொல்லிக்கொள்ளலாம்.

'சீனா' என்ற நம் சொல் இந்தச் சின்னிலிருந்து வந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. அர்த்தசாஸ்திரத்தில் சீனப்பட்டு வருகிறது. நம் சீனி, சீனச்சட்டி, சீனவெடி எல்லாம் அந்தப் பெயரை ஒட்டியவைதான். ஆனால் சீனர்கள் யாரும் தங்களைச் சின் மக்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கொடுங்கோலன் பெயர் என்ற கசப்பு அதில் இருந்தது. அடுத்து நானூறு வருடம் நின்ற ஹான் வம்சத்தின் பெயர்தான் மக்களுக்கு ஒட்டியது. ஹான்ரென் ஹான் மக்கள், ஹான்யு ஹான் மொழி, ஹான்ஸி ஹான் எழுத்து. ஹான் என்பது முதலில் ஓர் ஆற்றின் பெயர், அந்த ஆற்றங்கரை வட்டாரத்தைத்தான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்குக்கு முதலில் கொடுத்தார்கள். தென்சீனக் கடலோரத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களோ தங்களைத் தாங் மக்கள் என்றார்கள். அதனால்தான் உலகெங்கும் சைனாடவுனுக்குச் சீனத்தில் 'தாங்ரென்ஜியே', தாங்கர் தெரு.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவர்களுக்கு இது கேட்ட விஷயமாக இருக்கும். அங்கே சீன நண்பர்கள் தங்களை ஜோங்குவோரென் என்று சொல்லமாட்டார்கள். அது சீனக் குடியுரிமை உள்ளவர். இவர்கள் ஹுவாரென், இவர்கள் பேசுவது ஹுவாயு. ஒரே மொழிக்கு மக்கள் குடியரசில் 'பூதோங்ஹுவா', பொதுப்பேச்சு. தைவானில் 'குவோயு', நாட்டுமொழி. சிங்கப்பூரில் ஹுவாயு. நீங்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளியுலகம் இந்த மொழிக்கு வைத்த பெயர் மாண்டரின். இது நம் வீட்டுச் சொல் என்று பலருக்குத் தெரியாது. மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள், அங்கே மலாய் மொழியில் அரசு அதிகாரியை 'மந்தெரி' என்று சொல்லக் கேட்டார்கள். அது வடமொழி மந்திரி, தமிழிலும் நாம் சொல்லும் அதே மந்திரி. அதைச் சீன அதிகாரிகளுக்கு வைத்தார்கள். அந்த அதிகாரிகள் பேசிய மொழி மாண்டரின் ஆனது. சீனத்திலும் அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் 'குவான்ஹுவா', அதிகாரிகள் பேச்சு. மந்திரி மொழி!

இனி இரண்டாவது கேள்வி, அதிபரா பொதுச்செயலாளரா? ஷி ஜின்பிங்குக்கு மூன்று பதவிகள். கட்சியில் 'ஸொங்ஷூஜி', பொதுச்செயலாளர், 2012 முதல். மத்திய ராணுவ ஆணையத்தின் 'ஜூஷி', தலைவர். நாட்டின் 'ஜூஷி', 2013 முதல். இந்த மூன்றாவதைத்தான் நாம் அதிபர் என்கிறோம்.

ஜூஷி என்பதில் ஜூ முதன்மை, ஷி பாய். முதல் பாயில் உட்காருபவர். நாற்காலி வருவதற்கு முன் எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்த காலத்துச் சொல். சபையை நடத்துபவர், தலைவர், அவ்வளவுதான். மாவோவை மாவோ ஜூஷி என்றார்கள், தமிழில் சரியாகவே 'தலைவர் மாவோ' என்று எழுதினோம். சீனத்தில் அதே சொல்தான் இன்றும். 1982 அரசியல் சட்டத்துக்குப் பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் பிரசிடென்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். மற்ற நாட்டு அதிபர்களுக்குச் சீனத்தில் வேறு சொல், 'ஸொங்தொங்'. அமெரிக்க அதிபர் ஸொங்தொங், நம் குடியரசுத் தலைவரும் ஸொங்தொங். தைவான் தன் அதிபரை அப்படித்தான் அழைக்கிறது. மக்கள் குடியரசில் யாரும் ஸொங்தொங் இல்லை. ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. ஏதோ மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அதிபர் என்ற படம் நம் மனதில் விழுகிறது.

மூன்றில் எது பெரிது? வரலாற்றைக் கேளுங்கள். நாட்டின் ஜூஷி பதவி 1968இல், அதில் இருந்த லியூ ஷாவ்சி வீழ்த்தப்பட்டபின் காலியாகக் கிடந்து, 1975 அரசியல் சட்டத்தில் எடுக்கப்பட்டே விட்டது. 1982இல்தான் திரும்ப வந்தது. இடையில் நாடு நடக்காமலா போனது? தெங் ஷியாவ்பிங் ஒருநாளும் நாட்டின் ஜூஷியாக இருந்ததில்லை, பிரதமராகவும் இருந்ததில்லை. 1980களில் நாட்டையே திருப்பிப்போட்ட அவர் கையில் கடைசியாக வைத்திருந்தது ராணுவ ஆணையத்தின் தலைமை. ஆகவே, சீனச் செய்தியில் கட்சிப் பதவியை முதலில் போடுவது சும்மா இல்லை. தமிழில் ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் நான் பொதுச்செயலாளர் என்றே எழுதுவேன். அதிகாரம் வரும் வழி அதுதான். பிரதமர் 'ஸொங்லி', நம் பிரதமரையும் சீனப் பத்திரிகைகள் அப்படியே எழுதும்.

கட்சிக்குச் சொல் 'தாங்'. வம்சப் பெயரான தாங் வேறு, எழுத்தும் தொனியும் வேறு, உச்சரிப்பும் கொஞ்சம் வேறு. தமிழில்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. பழங்காலத்தில் தாங் என்பது 500 குடும்பங்கள் கொண்ட ஊர்ப்பிரிவு. அப்புறம் கும்பல், கோஷ்டி என்ற பொருள் வந்தது. உயர்ந்த மனிதன் எல்லோரோடும் பழகுவான், ஆனால் கோஷ்டி சேரமாட்டான் என்று கன்ஃபூசியஸ் சொன்னபோது அவர் வாயில் வந்த சொல் இதுதான். பழைய முறை எழுத்தின் அடியில் 'கருப்பு' என்ற எழுத்து உட்கார்ந்திருக்கும். அரசவையில் தாங் சேர்ப்பது குற்றம். அந்தச் சொல்தான் 20ஆம் நூற்றாண்டில் மரியாதைக்குரியதாகி, குவோமின்தாங், கோங்சான்தாங் என்று இரண்டு பெரிய கட்சிகளின் பெயரில் ஏறியது. முதலாவது தேசியக் கட்சி, இரண்டாவது கம்யூனிஸ்ட் கட்சி. கோங்சான் என்றால் பொதுச்சொத்து. இன்று வெறுமனே தாங் என்றால் கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றுதான். எழுத்து எளிமையாக்கத்தில் அந்தக் கருப்பும் போய்விட்டது.

மக்கள் என்ற சொல்லிலும் நிற்க வேண்டியிருக்கிறது. ரென்மின். ரென்மின் வங்கி, ரென்மின் நாளிதழ், ரென்மின் விடுதலைப் படை, பணம்கூட ரென்மின்பி. நமக்கு மக்கள் என்றால் எல்லோரும். 1949இல் புதிய அரசை அமைத்தவர்களுக்கு அப்படி இல்லை. தொழிலாளர், விவசாயி, சிறுமுதலாளி, தேசிய முதலாளி, இந்த நாலு வர்க்கம்தான் ரென்மின். கொடியில் பெரிய நட்சத்திரத்தைச் சுற்றி இருக்கும் நாலு சின்ன நட்சத்திரங்கள் இவைதான் என்றுதான் முதலில் விளக்கினார்கள். நிலப்பிரபுக்கள் நாட்டின் குடிகள், 'குவோமின்'. கடமை உண்டு, ரென்மினின் உரிமை கிடையாது. அந்த ஒரு சொல்லுக்கு வெளியே நிற்க நேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியிலும் வேலையிலும் பல வருடம் அதைச் சுமந்தார்கள். ஆகவே ரென்மின் என்று படிக்கும்போதெல்லாம் எந்த ஆண்டு, யாரைச் சேர்த்து, யாரை விட்டு என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

சாதாரண மனிதர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல் 'லாவ்பாய்ஷிங்', பழைய நூறு குடும்பப்பெயர்கள். மிகப் பழங்காலத்தில் குடும்பப்பெயர் பிரபுக்களுக்கு மட்டும்தான் இருந்தது, அதனால் நூறு பெயர் என்றால் பிரபுக்கள் கூட்டம். எல்லோருக்கும் பெயர் வந்தபின் அது சனங்களைக் குறித்தது. இன்று வாங், லி என்ற இரண்டு பெயரிலும் தலா பத்துக் கோடிப் பேர் இருக்கிறார்கள். காய்கறி விலை ஏறினால் லாவ்பாய்ஷிங் என்ன செய்வான் என்று புலம்புவார்கள், ரென்மின் என்ன செய்வான் என்று யாரும் புலம்புவதில்லை. வீட்டுப் பதிவுக்குப் பெயர் 'ஹுகோவ்': ஹு கதவு, கோவ் வாய். எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை வாய். 1958 சட்டத்துக்குப் பிறகு, கிராமத்து ஹுகோவ் உள்ளவர் நகரத்தில் வேலை செய்தாலும் பிள்ளைக்குப் பள்ளி, மருத்துவம் எல்லாம் சிக்கல். விதிகள் இப்போது பல ஊர்களில் தளர்ந்திருக்கின்றன, ஆனால் முறை இன்னும் இருக்கிறது.

மாகாணம் 'ஷெங்', மாவட்டம் போன்றது 'ஷியென்'. ஷியென் சின் காலத்துக்கும் முந்தியது, இன்று அந்த மட்டத்தில் ஏறத்தாழ 2800 அலகுகள். ஷெங் முதலில் தலைமைச் செயலகத்தின் பெயர். மங்கோலிய ஆட்சியில் அந்தச் செயலகத்தின் கிளைகளை ஊர்ஊராக வைத்தார்கள், கிளைக்குப் பெயர் நிலத்துக்குப் பெயராகிவிட்டது. நம் 'தாலுகா ஆபீஸ்' என்பதில் ஆபீஸ் மட்டும் மிஞ்சி அதுவே ஊரைக் குறித்தால் எப்படி இருக்கும், அப்படி.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஹான் என்றால் சீனரா? 2020 மக்கள்தொகைக் கணக்கில் ஹான் 91.11 சதவீதம். ஆனால் சட்டப்படி சீனாவில் 56 'மின்ஸு'. ஜோங்குவோரென் என்பது குடியுரிமை, ஹான் என்பது அந்த 56இல் ஒன்று. மின்ஸு என்பதும் ஜப்பான் வழி வந்த சொல்தான். இனம், தேசிய இனம், தேசம் மூன்றையும் அது ஒன்றாகத் தாங்குகிறது. அதில்தான் அரசியலே இருக்கிறது. எல்லோரையும் சேர்த்து 'ஜோங்ஹுவா மின்ஸு' என்று ஒரே மின்ஸுவாக்கும் சொல்லை 1902இல் லியாங் சிசாவ் என்ற சீர்திருத்த அறிஞர் எழுதினார். 1912 குடியரசு, ஹான், மஞ்சு, மங்கோல், ஹுய் (முஸ்லிம்கள்), ஸாங் (திபெத்தியர்) என ஐந்து இனம் என்று ஐந்து வண்ணக் கொடி ஏற்றியது.

1953 கணக்கெடுப்பில் உங்கள் இனம் எது என்று கேட்டபோது நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்தன. ஆய்வாளர்களை அனுப்பி வகைப்படுத்தினார்கள். 1979இல் யுன்னான் மாகாணத்தின் ஜினோ மக்களைச் சேர்த்ததோடு பட்டியல் மூடியது. மோசுவோ என்ற மக்கள் யுன்னான் பக்கத்தில் நாஷி இனமாகவும், எல்லை தாண்டி சிச்சுவான் பக்கத்தில் மங்கோல் இனமாகவும் பதிவாகியிருக்கிறார்கள். ஸாங் என்பது திபெத்தியர், திபெத் 'ஷிஸாங்', மேற்கு ஸாங். அவர்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர் போத். சீன வழக்கில் ஷிஸாங் என்பது தன்னாட்சிப் பகுதி மட்டும். ஸாங் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு வெளியே, சிங்ஹாய், சிச்சுவான், கான்சு, யுன்னான் மாகாணங்களில் இருக்கிறார்கள். செய்தியில் திபெத் என்று வரும்போது எந்த எல்லை என்று பார்க்க வேண்டும். ஷின்ஜியாங் என்றால் 'புதிய எல்லைநிலம்'. 1884இல் மாகாணமாக்கியபோது அதற்கு இந்தப் பெயரையே வைத்தார்கள். அங்கேயே வாழும் உய்குர் மக்களுக்கு அது எல்லையும் இல்லை, புதியதும் இல்லை.

நான் முன்னால் சொன்ன நாய்க்குறியை மறக்காதீர்கள். தென்சீனத்தில் இரண்டு கோடியை நெருங்கும் ஜுவாங் மக்கள், ஹானுக்கு அடுத்து மிகப் பெரிய இனம். பழைய ஆவணங்களில் அவர்கள் பெயரை நாய்க்குறி போட்டுத்தான் எழுதினார்கள். யாவ் மக்களுக்கும் அப்படித்தான். 1949க்குப் பிறகு ஜுவாங் பெயரில் நாயை எடுத்துவிட்டு மனிதக்குறி வைத்தார்கள். ஆனால் அந்த எழுத்துக்கு இன்னொரு வாசிப்பு இருந்தது: எடுபிடிப் பையன். 1965இல் பிரதமர் ஜோ என்லாய் யோசனைப்படி, அதே ஒலியில் 'வலிமை' என்று பொருள்படும் எழுத்தாக மாற்றினார்கள். யாவ் பெயரில் நாய் போய் மணிக்கல் வந்தது. தென்மேற்கின் யீ மக்களுக்கு, அநாகரிகர் என்ற அந்தப் பழைய யீயை விட்டுவிட்டு, சடங்குப் பாத்திரத்தைக் குறிக்கும் யீயை வைத்தார்கள். எழுத்தை மாற்றியதால் வாழ்க்கை மாறிவிடுமா என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் உங்கள் இனப் பெயரை எழுதும்போது பேனா முதலில் நாயை வரைய வேண்டியிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டீர்கள்.

சீன நூறு யுவான் நோட்டு கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். நம் நோட்டில் பக்கவாட்டில் தமிழ் உட்படப் பதினைந்து மொழிகளில் தொகை இருக்கும். சீன நோட்டில் மூலையில் 'ஜோங்குவோ ரென்மின் யின்ஹாங்', சீன மக்கள் வங்கி, ஐந்து விதமாக இருக்கும். சீனம் ரோமன் எழுத்தில், அப்புறம் செங்குத்தாக இறங்கும் மங்கோலிய எழுத்து, நம் எழுத்துகளுக்கு உறவான திபெத்திய எழுத்து, அரபு எழுத்தில் உய்குர், கடைசியாக ரோமன் எழுத்தில் ஜுவாங். அவசரத்தில் பார்த்தால் அந்தக் கடைசி வரியைச் சீனம் என்றே நினைத்துவிடுவீர்கள். ஒலி அவ்வளவு நெருக்கம். சொல்லின் முடிவில் தொனியைக் காட்ட ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் பார்த்தால்தான் அது ஜுவாங் என்று தெரியும்.